வெட்டிப் போட்ட ஆட்டம்

4.10.2006, புதன்

தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனியில் லோடு மேல் லோடு. என் வீட்டுக்காரர் அன்பரசனுக்கோ அந்தக் கவலையே இல்லை. நடிகர் சுடர்வண்ணனின் ஆட்டமும் பாட்டுமான புதுப் படம் விருதுநகரில் முதல் காட்சி, நடிகரே வருகிறாராம். இவர் ரசிகர் மன்றச் செயலாளர் அல்லவா, தலைகால் புரியவில்லை.

எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். எங்கள் ஊர் அச்சங்குளத்தில் அந்தப் படம் பிடித்தபோது எங்கள் ஷெட்டுப் பெண்களோடு தங்கை இசைவாணியும் ஆடினாள். வெடி விபத்தில் கன்னம் வெந்ததிலிருந்து கண்ணாடி பார்க்காதவள். "நீங்க முன்வரிசைல ஆடுங்க" என்று சுடர்வண்ணனே கூப்பிட்டதும் அப்படி ஓடினாள்!

12.10.2006

முதல் காட்சிக்கென்று இசைவாணி ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறாள். "அக்கா, படத்துல என் கன்னம் தெரியுமோ?"

"நீ ஆடுற ஆட்டத்துல கன்னத்த எவடி பாக்கப் போறா?" என்றேன்.

20.10.2006, வெள்ளி

நாசமாப் போக!

தியேட்டர் வாசலில் வாழைமரம், சீரியல் லைட்டு, பட்டுச்சேலைக் கூட்டம். உள்ளே? அவள் ஆட்டத்தை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு யாரோ வெளியூர்ப் பெண்கள் ஆடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் திரை முழுக்க என் தங்கையின் வெந்த கன்னம். அதைத் தடவிக்கொண்டு சுடர்வண்ணன் அழுகிறான். ஆடி முடித்தவளைப் பாராட்டுகிறேன் என்று அன்று கன்னத்தைத் தொட்டானே, அதையும் படம் பிடித்திருக்கிறார்கள். தியேட்டரே உச்சுக் கொட்டியது. எங்கள் ஊர்க்காரர்களும்தான்! இசைவாணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதுக்கா அவளைக் கூப்பிட்டான்? ஆட வச்சது பூரா நடிப்பா?

படம் முடிந்து, சுடர்வண்ணன் பொன்னாடை போர்த்த இசைவாணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

"போ புள்ள, எம்புட்டுப் பெரிய மனுசன் கூப்பிடுதாரு" என்றார் வீட்டுக்காரர்.

வந்ததே எனக்கு ஆத்திரம். "அவ ஆடுனது எங்கய்யா? மொதல்ல அதக் கொண்டாங்க!" என்று கத்தினேன். வெளியே சரவெடி. யார் காதில் விழுந்திருக்கும்?

21.10.2006, தீபாவளி

கறிக்குழம்பு அப்படியே இருக்கிறது. அவரோடு பேச்சு இல்லை.

24.10.2006, செவ்வாய்

கம்பெனி லீவு. ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் அந்தப் படத்துக்குக் கிளம்பினார்கள். "நானும் வாரேன்" என்றாள் இசைவாணி.

"மறுபடியும் உச்சுக் கொட்டவா? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்று ஏசினேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் பையன்கள் வழக்கம்போல எழுந்து திரைக்கு முன்னால் ஓடினார்கள். இவளும் எழுந்தாள். நடந்துபோய் அவர்களுக்கு நடுவில் நின்று, வெட்டிப் போட்ட ஆட்டத்தை ஒரு அடி விடாமல் ஆடினாள். பையன்கள் தானாக ஒதுங்கினார்கள். திரையில் சுடர்வண்ணன் மூஞ்சியை அவள் நிழல் மறைத்தது.

தியேட்டர்க்காரர் டார்ச் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, ஹீரோ தெரியல, உக்காரு!"

நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துவிட்டார். "தெரியாட்டிப் போறான், நீங்க சும்மா இருங்க. எங்க வீட்டுப் புள்ள ஆடுது" என்றார்.