எண்பத்திரண்டுக்கு இன்னும் பதினொரு கிலோ

சங்ககிரி
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்கு முன்

அன்பு மகள் நாஸியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை இம்தியாஸும் ஷிரீன் குட்டியும் தோஹாவில் அல்லாஹ்வின் கிருபையால் நல்லபடியாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இன்றைக்கு உனக்குப் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன், அதனால் நலத்தில் பாதி என்று வைத்துக்கொள். தினம் வீடியோவில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது பாப்பா. நீ எடை எவ்வளவு அத்தா என்று கேட்பாய், நான் மாம்பழம் இந்த வருஷம் அவ்வளவு ருசியில்லை என்று ஆரம்பிப்பேன், ஷிரீன் வந்து போனைப் பிடுங்குவாள், பேச்சு முடிந்துவிடும். காகிதத்தில் யாரும் பிடுங்க முடியாது. எடை மேடை கேபினில் உட்கார்ந்து, சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். நடுநடுவே லாரி வரும், எழுந்து போவேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் நடக்கிறது, செவ்வாயும் வெள்ளியும், சேலத்துக்குப் பஸ்ஸில்தான் போய்வருகிறோம், கார் வேண்டாம் என்கிறாள். ஊசி குத்திக் குத்திக் கை தடித்துப்போயிருக்கிறது, அதனால்தான் வீடியோவில் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறாள், நீ கவனித்திருக்க மாட்டாய். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்று கணக்கு. ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, காலை இது, மதியம் இது என்று பிரித்து வைத்திருக்கிறாள். தாகம் தாங்காவிட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புவாள், ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. இவ்வளவும் அவள் செய்கிற வீட்டில்தான் நானும் இருக்கிறேன். என் கிட்னி அவளுக்குப் பொருந்தும், ரத்தம் பொருந்தும், சுகர் இல்லை, எல்லாம் சரி, எடையை மட்டும் எண்பத்திரண்டுக்குக் கொண்டு வாருங்கள், ஆபரேஷனுக்குத் தேதி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. இது உனக்குத் தெரிந்த கதை. தெரியாததைத்தான் எழுத வந்தேன்.

ஒரு லாரி வந்தது, போட்டு அனுப்பிவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? எடை. ஆறு வருஷமாக நான் தொண்ணூறு கிலோதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா, அது எங்கே பார்த்தது தெரியுமா, இந்த மேடையில். காலையில் வண்டி வருவதற்கு முன்னால் நடுவில் போய் நிற்பேன், திரையில் 90 என்று வரும். லாரிக்கான மேடை, பத்துப் பத்தாகத்தான் காட்டும், எண்பத்தாறு என்றாலும் தொண்ணூறு, தொண்ணூற்று நாலு என்றாலும் தொண்ணூறு. இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா. தெரியும். தெரிந்துகொண்டேதான் நின்றேன். ஆஸ்பத்திரியில் முதல் நாள் ஏற்றி நிறுத்தியபோது 95.6 என்றது. அந்தப் பெண் சத்யபிரியா, சாப்பாட்டு அட்டவணை எழுதித் தருகிறவள், ஷூவைக் கழற்றலாம் அங்கிள் என்றாள், நான் பரவாயில்லை என்று ஷூ, பெல்ட், சாவிக்கொத்து, போன் எல்லாவற்றோடும்தான் ஏறினேன், கீழே கடையில் ஒரு பாட்டில் தண்ணீரையும் மடமடவென்று குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அடுத்த மாதம் வெறும் வயிறு, வெறும் கால், சட்டைப் பையில் பஸ் டிக்கெட்கூடக் கிடையாது, 92.9 வந்தது. கிட்டத்தட்ட மூணு கிலோ குறைச்சுட்டேன் என்று உனக்குப் போன் போட்டேன், நீ ஆயிரம் ஹார்ட் அனுப்பினாய். அதில் ஒரு கிலோகூட என் உடம்பிலிருந்து போனதில்லை. மூன்றாம் மாதமும் அதே மாதிரிதான் போனேன், 94.2 வந்துவிட்டது. கழற்ற இனி ஒன்றுமில்லை. டாக்டர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வீட்டில் வேறு யாராவது கொடுக்கிற மாதிரி இருக்கிறார்களா என்று யோசியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அட்டவணை ஒன்றும் கஷ்டமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நடந்தேன், கோட்டை அடிவாரம் வரைக்கும் போய்வந்தேன், திரும்பும்போது கூலி மாதிரி இரண்டு போண்டா தின்றேன். வீட்டில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவேன், உன் அம்மா பார்க்கட்டும் என்று தட்டைக்கூட நானே கழுவுவேன், கேபினுக்கு வந்து மேசை டிராயரைத் திறப்பேன். உன் பயாஸ் மாமா மகள் கல்யாண வலீமா விருந்தில் வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது என்று இரண்டாவது தட்டு பிரியாணி வாங்கினேன், யாரும் வற்புறுத்தவில்லை, நானே எனக்கு மரியாதை செய்துகொண்டேன். அதைவிட இதைக் கேள், ஒரு வாரம் ஒழுங்காக இருந்து கொஞ்சம் குறைகிற மாதிரி தெரிந்தால் அன்றைக்குத்தான் எனக்குப் பசி வெறி பிடித்த மாதிரி வரும். குறையாதபோது அந்தப் பசி வராது. இது என்ன கூத்து என்று எனக்கே விளங்காமல்தான் இருந்தது. இப்போதும் டிராயரில் ஒரு மிக்சர் பாக்கெட் இருக்கிறது, உனக்கு எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை திறந்து மூடிவிட்டேன்.

இனி எழுத வேண்டியது கஷ்டமான இடம், அதனால்தான் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். இரண்டு புதன்கிழமைக்கு முன்னால் நீ போனில் சொன்னாய், “அத்தா, நீங்க ஒன்னும் போட்டு மனச அலட்டிக்காதீங்க, எனக்கும் அம்மாவுக்கும் ஒரே ரத்தந்தான், நான் வந்து டெஸ்ட் எடுத்துக் குடுத்தர்றேன், டிக்கெட் போட்டாச்சு” என்று. நான் என்ன சொன்னேன், அதெல்லாம் வேண்டாம்மா பார்க்கலாம் என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசுக்குள் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டு. எனக்கு நிம்மதியாக இருந்தது நாஸியா. மூன்று வயசுக் குழந்தையை வைத்திருக்கிற பெண், இன்னொன்றுக்கு ஆசைப்படுகிறாய் என்று உன் அம்மாவிடம் சொன்னதும் எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட நீ உன் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறாய், பெற்ற அப்பனுக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று சாயங்காலம் வேலை முடிந்து பைபாஸ் ரோட்டுக் கடையில் நாலு பரோட்டா தின்றேன், சால்னா மேலே சால்னா ஊற்றச் சொல்லி. உனக்குச் சின்ன வயதில் காது குத்தியபோது மயங்கி விழுந்தது நீ இல்லை, நான்தான், ஆசாரி உன்னை விட்டுவிட்டு என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அதே ஆள்தான் நான் இன்றைக்கும். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனா என்று பயம், கத்தி என்றால் பயம், ஒற்றைக் கிட்னியோடு லாரி ஆட்களிடம் கத்த முடியுமா என்றுகூடப் பயம். எண்பத்திரண்டுக்கு மேலே இருக்கிற வரைக்கும் யாரும் என்னை அந்த ஆபரேஷன் மேசைக்குக் கூப்பிட முடியாது. அதற்காகத்தான் தின்றேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரிந்தது மறுநாள். அர்த்தநாரி என்று ஒரு டிரைவர், வெண்ணந்தூர்க்காரர், பல வருஷப் பழக்கம், மக்காச்சோளம் ஏற்றி வந்து குடோனில் இறக்குகிறவர். லோடு எடை போட்டபோது ஸ்டெப்னி டயர் இருந்தது, வண்டியில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. இறக்கிவிட்டுக் காலி எடைக்கு வந்தால் டயரையும் காணோம், டிரம்மையும் காணோம். அப்படிப் போட்டால் டயரும் தண்ணீரும் மக்காச்சோளக் கணக்கில் ஏறிவிடும். நான் பார்த்துப் பார்த்துச் சலித்த வித்தை. கேபினை விட்டு இறங்கிப் போய்க் கத்தினேன், வரும்போது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருகிறீர், போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போகிறீர், மேடை என்ன கண் தெரியாததா என்று. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “ஏனுங்க பாய், இந்த ஒருக்கா உட்டுருங்க, நாளையிலிருந்து சுத்தமா வந்தர்றனுங்க” என்றார். இந்த ஒருக்கா, நாளையிலிருந்து. மூன்று மாதமாக ஒவ்வொரு தடவை கை கழுவும்போதும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட வார்த்தை. ஷூவும் பெல்ட்டும் சாவிக்கொத்தும் தண்ணீர் பாட்டிலுமாக ஆஸ்பத்திரி மெஷினில் ஏறி நின்றவன் இங்கே இன்னொருவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். அவர் டயரையும் டிரம்மையும் எடுத்து வந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அரை மணி நேரம் கேபினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அப்போதுதான் போன நோன்பு ஞாபகம் வந்தது. இதே கேபின், தகரக் கூரை, நான் மட்டும் தனியாக, காலடியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஒரு வாய் குடித்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, முப்பது நாளும் தொட்டதில்லை. ஆக எனக்கு வாயைக் கட்டத் தெரியாது என்பதும் பொய். அங்கே முப்பதாம் நோன்புக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன், கட்டினேன். இங்கே எண்பத்திரண்டுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று நினைத்தேன், தின்றேன். இவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் அந்தப் பிள்ளை சத்யபிரியா கலர் கலராக அட்டவணை போட்டுத் தந்தது.

அன்றைக்கு மஃரிப் தொழுதுவிட்டு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போண்டா, டிராயர், ஷூ, எல்லாம். “எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க, உங்க சட்டைப் பையில பரோட்டாக் கடைக் காயிதம் கெடக்குது, துணிய மெஷின்ல போடறது நான்தானுங்களே” என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பயத்தைச் சொன்னேன், அதுவும் தெரியும் என்றாள். நீ கொடுக்கிறேன் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. அது மட்டும் அவளுக்குத் தெரியாது. எழுந்து போய்விட்டாள், இஷா தொழுகை வரைக்கும் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அதன் பேனாக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இனி இந்த மனுஷி எதுவுமே என்னிடம் வாங்க மாட்டாள் என்று நினைத்துவிட்டேன். தொழுதுவிட்டு அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “புள்ளகிட்ட வாங்கிப் பொழைக்கற பொழப்பு எனக்கு வேண்டாமுங்க. நீங்க பயந்துக்கிட்டே குடுங்க. நானும் பயந்துக்கிட்டேதான வாங்கிக்கப் போறேன்” என்றாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவளுக்கும் பயமாக இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை பாப்பா. அன்றைக்கு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுபடி வண்டி. இரண்டு வண்டி சேர்ந்து வந்துவிட்டது, இந்தக் கடிதத்தை முடிக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. உடனே நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பயம் அப்படியே இருக்கிறது, நேற்றுகூட ஆபரேஷன் நினைப்பு வந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து தெருவில் நடந்தேன். டாக்டர் இன்னும் மூன்று மாதம் பார்க்கிறேன் என்றிருக்கிறார், அதற்குள் முடியுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், புதிதாக ஒரு மெஷின் வாங்கி ஹாலில் போட்டிருக்கிறேன், நூறு கிராம் ஏறினாலும் சொல்லிவிடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ கூப்பிடும்போது லுங்கி பனியனோடு அதில் ஏறி நிற்பேன், எல்லா வாரமும் அதே லுங்கி பனியன், போனை உன் அம்மா எண்ணுக்கு நேராகப் பிடிப்பாள். எண் தெரிந்த பிறகுதான் ஷிரீனைக் கொஞ்சுவேன். நான் மாம்பழத்தைப் பற்றி ஆரம்பித்தால் விட்டுவிடாதே, எவ்வளவு என்று கேள், அதட்டியே கேள்.

டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், தேதியை மட்டும் தள்ளிப் போடு. டெஸ்ட் எதற்கும் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, இது நான் கெஞ்சிக் கேட்பது. எங்கள் இரண்டு பேரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டிருக்கிற அன்றைக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார எங்களுக்கு ஒரு மகள் வேண்டும், அதற்கு வா. ஷிரீனைக் கூட்டிக்கொண்டு வா. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், நீ மனசில் நினைத்திருக்கிற இரண்டாவது குழந்தையையும் நல்லபடியாகக் கொடுக்கட்டும். எனக்குத் தைரியம் வேண்டும் என்று துஆ செய்யாதே, தைரியம் இல்லாமலே போய்ப் படுத்துவிட வேண்டும் என்று செய். மறக்காதே, வெள்ளிக்கிழமை, எண் முதலில்.

இப்படிக்கு
உன் அத்தா ஜான் பாஷா.
இன்று காலை 93 கிலோ 100 கிராம், லுங்கி பனியனோடு, சாவிக்கொத்து இல்லாமல். இதை எழுதி முடிப்பதற்குள் மிக்சர் ஒரு கை தின்றேன், மீதிப் பாக்கெட் இப்போது வந்த வண்டியோடு போய்விட்டது. அந்த ஒரு கையையும் வெள்ளிக்கிழமை எண்ணில் பார்த்துக்கொள்.