ஐவர் ஆடை களைந்த பிற்பகல்

1998 அக்டோபர் 6, செவ்வாய்

பன்னிரண்டு நாள் இடைவெளிக்குப் பின் எழுதுகிறேன். கையின் நடுக்கம் எழுத்திலும் ஏறிவிட்டது. இதை வாசிக்கப்போகிறவன் நான் ஒருவனே என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

இன்று பிற்பகல் தேவாலயத்தின் பக்கக் கூடத்தில் எங்கள் படம் பார்க்கும் குழு கூடியது. எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்து, தேநீரை ஊற்றியபின், குழுவை நடத்தும் பெரில் எழுந்தாள்.

"அடுத்த கூட்டத்துக்கு ஒரு படம் சொல்றேன். யாரும் நாற்காலியிலேருந்து விழக் கூடாது."

அவள் சொன்ன கதை இது: வேலை போன ஐந்து சுரங்கத் தொழிலாளர்கள், பிழைக்க வழியின்றி, ஊர் மன்றத்து மேடையில் பெண்கள் முன்னிலையில் ஆடை களைந்து ஆடுகிறார்கள். சிரிப்பும் உண்டாம், கண்ணீரும் உண்டாம்.

"இந்த வயசுலயா உனக்கு இந்த ஆசை, பெரில்?" என்றான் சைரில்.

"இந்த வயசுலதான். இருபது வயசுல எனக்கு ஏது நேரம்?"

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூடத்தின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. வழிபடும் இடமும் அதே கூரையின் கீழ்தான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். வாசலை ஒட்டி அமர்ந்திருந்தேன். ஆகஸ்டில் குடலை அறுத்து, வயிற்றில் கழிவு வெளியேற ஒரு வாய் திறந்து, அதன்மேல் பை ஒட்டி அனுப்பிய நாள் முதல் எங்கே சென்றாலும் வாசலை ஒட்டியே அமர்கிறேன்.

வீடு திரும்பும் வழியில் என் மனைவி வின்னி சொன்னாள்: "உன்னோட லத்தீன் கவிஞருங்க எழுதாததையா இவங்க காட்டிடப் போறாங்க?"

"அந்தப் பகுதிகளை நான் வகுப்புல நடத்தினதே இல்ல."

"படிச்சிருக்கியே."

சாவியைத் தருவேன் என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 8, வியாழன்

நர்ஸ் மொரீன் வந்தாள். அவளுக்கு ஊரில் அனைவரும் 'செல்லம்'. எழுபத்தாறு வயதில் நானும் செல்லமானேன்.

பையை ஒட்டும் வட்டத்தின் நடுவே, வயிற்றிலுள்ள வாயின் அளவுக்குத் துளை வெட்ட வேண்டும். நடுங்கும் கையால் வெட்டுகிறேன், துளை பெரிதாகிவிடுகிறது, கசிகிறது, தோல் வெந்து புண்ணாகிறது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இதை நீங்க தனியா செய்ய முடியாது, செல்லம். வீட்டம்மாவுக்கு நான் காட்டித் தர்றேன். பத்து நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"அப்ப ரெண்டு மூணு வாரம் பாப்பேன். புண்ணு ஆறலைன்னா, மலைமேல இருக்கிற முதியோர் இல்லத்துல உங்களுக்கு இடம் கேட்டு எழுதிடுவேன். எனக்கு வேற வழியில்ல."

வின்னி சமையலறையில் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 9

மூன்று முறை மாற்றினேன். மூன்றும் கசிந்தன.

அக்டோபர் 11, ஞாயிறு

ஆராதனைக்குச் சென்றேன், கடைசி வரிசை. பள்ளிக்கூட வேலையோடு நாற்பது ஆண்டுகள் எந்த மேடையில் நின்று பிரசங்கித்தேனோ அது இங்கிருந்து மிகத் தொலைவில் தெரிந்தது. இரண்டாம் பாடலின்போது எழுந்து வெளியேறினேன். கல்லறைகளுக்கு நடுவே நின்று பாடலைக் கேட்டேன். மழை இல்லை, அந்த மட்டில் நன்றி.

சாவியைப் பெரிலிடம் கொடுத்தேன். "நீங்களும் வரணும் மிஸ்டர் ஹாலம்," என்றாள். "நீங்க இல்லேன்னா சைரிலை அடக்க ஆள் கிடையாது."

அக்டோபர் 15, வியாழன்

எழுதிவிட வேண்டும், இல்லையேல் இது என்னுள்ளேயே கிடந்து அழுகும்.

காலையில் குளியலறையில் இருந்தேன். தாழ்ப்பாள் போட்டிருந்தேன். வின்னி தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"கிளெம், கதவைத் திற. நாப்பத்தொன்பது வருஷம் ஆச்சு. நான் பாக்காதது என்ன இருக்கு உங்கிட்ட?"

"இது இருக்கு," என்றேன். "போ. இங்கேருந்து போ."

இப்படியா சொல்வது? அவ கேட்டது என்ன — கதவைத் திறன்னுதானே. அதுக்கு 'போ'ங்கறேனே நான், வீட்டுக்கு வந்த நாயை விரட்டற மாதிரி. அவ கீழ இறங்கிப் போனா. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல.

பின்பு அமைதியாக யோசித்தேன். எங்கள் இல்வாழ்க்கையில் விளக்கணைந்த பிறகுதான் எதுவும். அதை நான் நாணம் என்று அழைத்தேன், பக்தி என்றும் அழைத்தேன். பெயர் எதுவாயினும், வெளிச்சத்தில் என்னை அவள் கண்டதில்லை. முதன்முதலாகக் காண்பது இதுவாகவா இருக்க வேண்டும்? அவளுடைய கண்ணில் ஒரு நொடி அருவருப்பு தோன்றினால், அதற்குப் பின் நான் எந்த வீட்டில் வாழ்வது? மலைமேல் இருக்கும் இல்லமே மேல்.

இதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

படம் பார்த்தோம். டெரிக் ஒரு காலத்தில் ஊர்த் திரையரங்கில் படம் ஓட்டியவன். திரைச்சீலைகளை அவனே இழுத்து மூடினான். கூடத்தில் என்றுமில்லாக் கூட்டம், பத்தொன்பது பேர்.

ஆடை களையும் காட்சிகள் அஞ்சிய அளவுக்கு இல்லை. அஞ்சாதவை தாக்கின. ஐவரும் மூடிய சுரங்கத்தில் விளக்குகள் வைத்திருந்த அறை ஒன்றில் ஒத்திகை பார்க்கிறார்கள்; சட்டையைக் கழற்றும்போது ஒருவருக்கொருவர் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருவன் முதுகில் நிலக்கரித் தூள் புகுந்து ஆறிய நீலத் தழும்புகள். ஐவரில் மூத்தவனுக்கு என் வயதில் பத்துக் குறைவு. அவன் தனியே ஆடிப் பழகுவதற்காகக் குளியலறையைப் பூட்டிக்கொள்கிறான். மனைவி கதவைத் தட்டுகிறாள்; திறவாததால் போய்விடுகிறாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் என் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் குழுவின் வழக்கப்படி சுற்று தொடங்கியது. இக்குழுவில் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்ற சொற்களுக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் தமக்கு நம்ப முடியாமற்போன ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாதவர் கோப்பைகளைக் கழுவ வேண்டும்.

டெரிக்குக்கு மேடை விளக்கு நம்பும்படி இல்லை. "மன்றத்து விளக்கு அவ்வளவு பளிச்சுன்னு எரியுமா? எரிஞ்சா மின்சாரமே போயிருக்கும்."

சைரில் எழுந்தே நின்றான். "அந்த ஒத்திகை! அத்தனையும் பொய்யி. முப்பத்தெட்டு வருஷம் சுரங்கத்துல இருந்தவன் சொல்றேன். வேலை முடிஞ்சா நூத்தம்பது பேரு ஒரே குளியல் கொட்டகையில அம்மணமா நிப்போம். என் முதுகை நீ தேய், உன் முதுகை நான் தேய்க்கறேன். எவன் முதுகுல எங்க தழும்புன்னு அவன் பொண்டாட்டிக்கு முன்னால எங்களுக்குத் தெரியும். யார்க்‌ஷயர்ல எந்தச் சுரங்கத்துக்காரன் கூட்டாளி முன்னால வெக்கப்பட்டான்? இவனுங்க என்னடான்னா கல்யாணப் பொண்ணு மாதிரி திரும்பிக்கிட்டு நிக்கறானுங்க!"

"உன் முதுகைப் பாக்க யாருய்யா காசு குடுப்பா?" என்றான் டெரிக்.

"இப்பவா? மூடி வைக்கத்தான் குடுப்பாங்க!"

கூடமே சிரித்தது. பெரில் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்த இடந்தான் நம்பும்படியா இருந்துச்சு," என்றாள். "நீ சொல்றது சுரங்கம் இருந்தப்ப, சைரில். மூடுன பிறகு நீ யார் முதுகைத் தேய்ச்ச?"

சைரில் உட்கார்ந்துவிட்டான்.

"என் புருஷன் நார்மன் வேலை இருந்த வரைக்கும் குளிக்கறப்ப தாழ்ப்பாள் போட்டதில்ல. வேலை போச்சு, தாழ்ப்பாள் வந்துச்சு. விலாவுல கட்டி. ஒரு வருஷமா இருந்திருக்கு. நான் வெளியில துண்டை வெச்சுக்கிட்டு நிப்பேன். கதவு இவ்வளவுதான் திறக்கும். 'குடுத்துட்டுப் போ'ம்பான். நானும் குடுத்துட்டுப் போயிடுவேன்." தேநீரை ஒரு வாய் குடித்தாள். "ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, வீட்டுல யாரும் பாக்கலையான்னு. சரி, அது போகட்டும். அடுத்து யாரு? வின்னி?"

வின்னி கெண்டியை மேசைமேல் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொம்பள கதவைத் தட்டுனா பாருங்க, ஒரே தடவை. திறக்கலைன்னதும் போயிட்டா. எனக்கு அங்க நம்பிக்கை இல்ல. ஒரு தடவை தட்டிட்டா போயிடுவாங்க?"

என் முறை வந்தது. "எல்லா இடமும் நம்பும்படி இருந்தது," என்றேன்.

"அப்ப கோப்பை உங்களுக்கு!" என்று கூவினார்கள்.

கழுவினேன். கோப்பைகள் கையில் கடகடத்தன. சைரில் துணியோடு வந்து, கேட்காமலேயே பக்கத்தில் நின்று துடைக்கத் தொடங்கினான். அவனுக்கு எதுவும் தெரியாது, தெரிந்திருக்க வழியில்லை.

"பெரில் சொன்னது சரிதான் வாத்தியாரே. முதல் நாள் நானே கால்சட்டையோடதான் தண்ணிக்குக் கீழ நின்னேன். பதினஞ்சு வயசு. பக்கத்துல ஒரு கெழவன். 'திரும்புடா, எனக்கு உன் முதுகு மட்டும் போதும்'னான். அந்த ஆளு பேருகூட எனக்கு ஞாபகமில்ல." ஒரு கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது அழுக்கு. மறுபடி கழுவுங்க."

அக்டோபர் 21, புதன்

மறைநூலில், திராட்சைத் தோட்டம் நட்டு, அதன் ரசத்தைக் குடித்து, தன் கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்த முதியவரைப் பற்றி மூன்று முறை பிரசங்கித்திருக்கிறேன். தந்தையின் நிலையைக் காணாதபடி பின்னோக்கி நடந்து வந்து போர்வை போர்த்திய மைந்தர்களின் பண்பைப் புகழ்ந்தேன். சபையில் கண் கலங்கியவர்களும் உண்டு. காணாமல் போர்த்துவதே அன்பின் உச்சம் என்று முடித்தேன்.

காணாமல் எப்படிப் புண்ணுக்கு மருந்திடுவது? இந்தக் கேள்வி மூன்று பிரசங்கங்களிலும் எனக்கு எழவில்லை.

நார்மனைக் காணாதிருந்தவள் பெரில். அவள் மரியாதைக்குக் குறைவாக எதையும் செய்யவில்லை.

அக்டோபர் 22, வியாழன்

காலை ஜெபத்தின் நடுவே கசிந்தது. குளியலறைக்குச் சென்றேன். சட்டையைக் கழற்றினேன். தாழ்ப்பாளின்மேல் கை வைத்தேன், போடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நின்றேன். வாய் வரவில்லை. அவளுடைய பெயரை நாற்பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாளைக்கு நூறு முறை அழைத்திருக்கிறேன்.

படிக்கட்டில் காலடி. நின்றது.

"வரட்டுமா?"

"வா."

அவள் பார்த்தாள். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். அதன் கழுத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஒரு முழு வேதபாடம் வாசிக்கும் அளவுக்கு நேரம் கடந்ததுபோல் இருந்தது. பிறகு அவள் தரையில் கிடந்த வட்டத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு வாத்தியார் வெட்டற வட்டமா இது? கோணல்மாணலா."

கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். கை குளிர்ந்திருக்கும் என்று முன்னதாகவே சொன்னாள், குளிர்ந்துதான் இருந்தது. புண்ணைத் துடைத்தபோது ஒரு முறை மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டாள். அது அருவருப்பு அல்ல. என்னைவிட அவளுக்கு அதிகமாக வலித்தது.

முடித்துவிட்டுக் கீழே இறங்கினாள். சமையலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. பாத்திரம் கழுவும் ஓசை கேட்கவில்லை. நான் சட்டையை அணிந்து படியில் அமர்ந்திருந்தேன். இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நிற்க வலுவில்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அக்டோபர் 25, ஞாயிறு

ஆராதனை முழுவதும் இருந்தேன். பிரசங்கம் மிக நீளம்.

அக்டோபர் 29, வியாழன்

மொரீன் வந்தாள். புண்ணின் ஓரங்கள் ஆறி வெளுத்துவருகின்றன என்றாள்.

"இதை வெட்டுனது யாரு?"

"நான்," என்றாள் வின்னி. "அவிச்ச முட்டை வைக்கிற சின்னக் கோப்பையைக் கவுத்து வெச்சு வரைஞ்சேன்."

மொரீன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். முதியோர் இல்லத்துக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதம் என்ன ஆயிற்று என்று நானே கேட்டேன்.

"எந்தக் கடிதம், செல்லம்?"

இனி மாதம் ஒரு முறை வந்தால் போதுமாம்.

நவம்பர் 3, செவ்வாய்

களைப்பு குறையவில்லை. படியேறினால் நெஞ்சு அடைக்கிறது. நல்ல உறக்கம் வந்து மாதங்களாகின்றன. மருத்துவர் வசந்தம் வரை பொறுக்கச் சொல்கிறார்.

காலையில் சன்னலருகே நாற்காலியைப் போடச் சொன்னாள் வின்னி. குளியலறையில் வெளிச்சம் போதவில்லையாம். அமர்ந்தேன். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்று பிற்பகல் குழுவில் முந்தைய படத்தின் மிச்ச விவாதம் நடக்க இருக்கிறது. அதிலிருந்து பேச்சுத் தொடங்கியது.

"கடைசித் துணி விழற நேரத்துல விளக்கை அணைச்சுட்டான் பாரு," என்றாள். "அந்த இடத்தைப் பத்தி இன்னிக்குப் பேசப்போறேன். பயந்தாங்கொள்ளி."

"பயம் இல்ல. அடக்கம். சொல்லாம விடறதுலதான் கவிதை நிக்குது."

"கவிதை எழுதறவன் அப்படிச் செய்யட்டும். அஞ்சு பேரு ரெண்டு மணி நேரமா தைரியத்தைச் சேத்து வெச்சு மேடைக்கு வந்திருக்காங்க. கையைக் கொஞ்சம் உயத்து. அவங்களே பயப்படல, படம் எடுத்தவனுக்கு என்ன?"

"வின்னி, பாக்கறவங்களுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கே."

"நின்னவங்களுக்கு?"

இதற்கு என்னிடம் விடை இருந்தது. பழைய நாடகங்களில் மிகக் கொடியதும் மிகப் புனிதமானதும் மேடைக்கு வெளியேதான் நிகழும் என்பதை எடுத்துக்காட்டி, அதிலிருந்து படிப்படியாக இந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்கு வர எண்ணினேன். இரண்டாம் எடுத்துக்காட்டை அடைந்தபோது அவள் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையை இறக்கு, கிளெம். முடிச்சு ரொம்ப நேரமாச்சு."

நான் இன்னும் என் வாதத்தின் நடுவில்தான் இருந்தேன்.