மூன்று இழுப்பு

ஃப்ரேசர் ஆற்றங்கரை, அக்டோபர்

அன்பு மகள் மேவிஸுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் தம்பி டெல்பர்ட்டும் உயிரோடு இருக்கிறோம், ஹாலிஃபாக்ஸில் நீயும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்கு இரண்டு சுற்று பெரிது, அம்மா ஊதிப்போயிருப்பாள் என்று நினைத்தாயோ என்னவோ, ஆனாலும் கழற்றவே இல்லை, போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் குளிர் விடவில்லை.

அன்று காலை ஸ்டர்ஜன் மீன் பிடிக்கப் போனோம். உனக்குத் தெரியாததா, கடல் வற்றும்போது ஆறு ஓடுகிற ஓட்டத்தில் தூண்டில் அடியில் தங்காது, வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்குமுன் ஆறு அசையாமல் நிற்குமே, அப்போதுதான் அந்தப் பெரிய மீன்கள் சேற்றை மோந்துகொண்டு வரும். பிடித்தாலும் சட்டப்படி அளந்து பார்த்துத் திரும்ப ஆற்றில் விட வேண்டியதுதான், ஆனாலும் உன் தம்பிக்கு அது இல்லாமல் முடியாது. அன்று ஆறு நின்றபோது பறவைச் சத்தமும் நின்றுவிட்டது. ஒரு மீன்கூடத் தொடவில்லை. "ஞாயித்துக்கிழமைன்னு எல்லாம் சர்ச்சுக்குப் போயிருச்சு போல" என்று சிரித்துக்கொண்டே நங்கூரத்தைத் தூக்கினான். கனத்தது. அதில் மாட்டிக்கொண்டு இன்னொரு நங்கூரம் வந்தது, சேறு பிடித்த கயிறோடு, கொக்கியில் சிவப்புப் பெயின்ட். உன் அப்பாவுடையது. படகோடு அவர் போய் மூன்று வருஷமாக ஒரு பலகைகூட நமக்குக் கிடைக்கவில்லையே மேவிஸ். கயிற்றின் மறுமுனை கீழே எதிலோ கட்டியிருந்தது. "அப்பா கீழதாம்மா இருக்காரு" என்று சொல்லி, மோட்டாரால் இழுத்துத் தூக்க அந்தக் கயிற்றைக் கொண்டுபோய்ப் படகின் பின்பக்கம் கட்டினான். "பின்னால கட்டாதடா" என்று கத்தினேன், பின்னால் கட்டிய படகை கடலோதம் திரும்பும்போது தண்ணீர் விழுங்கிவிடும், உன் அப்பா போனதும் அப்படித்தான் இருக்கும். அதற்குள் ஏற்றம் வந்துவிட்டது. ஆறு மலைப்பக்கம் ஓடத் தொடங்கியது, பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. முடிச்சை அவிழ்க்கப் போய் எங்கள் இருவர் கையும் கயிற்றில் இருந்தபோது, கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள். மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று உன் அப்பா நமக்குப் பழக்கிய கயிற்றுப் பேச்சு நினைவிருக்கிறதா, இரண்டு இழுப்பு என்றால் இழு, மூன்று என்றால் விடு. அதே கை, அதே நிதானம். மீன் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான். "ரெண்டு தடவ இழுத்தாரும்மா, தூக்கச் சொன்னாரு, நீ அறுத்துட்ட" என்கிறான். "மூணுடா, விடச் சொன்னாரு" என்று நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பெரிய மீன் கயிற்றில் உரசியிருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. அமாவாசையன்று ஆறு நன்றாக வற்றும், தனியாகப் போகிறேன் என்று புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறான். அன்று ஏற்றமும் இரண்டு பங்கு வேகமாகத் திரும்பும் என்பது அவனுக்குத் தெரியாமலா இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொன்னால் கேட்பான். இது கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டு, அம்மா சொல்வதுதான் சரி, மூன்று என்றால் மூன்றுதான் என்று அடித்துச் சொல். போனில் இதை நான் பேச முடியாது, பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறான்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டுதான் மேவிஸ். இரண்டு இழுப்பு, அழுத்தமாக. ஆனால் எனக்கு இருப்பது ஒரே மகன்.

ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு, தண்ணீரில் மட்டும் போடாதே.

உன் அம்மா,
வெர்னா