படிக்கட்டு ஜன்னலை மூடிய பசுமைப் பலகை

அனுப்புநர்:
தையல் தொழில் செய்பவர்,
மூன்றாம் மாடி, தெருப்பக்க வீடு,
ஐந்து இலை பசுமைக் குடியிருப்பு.

பெறுநர்:
கட்டட அனுமதி அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பசுமைத் தரச்சான்றுப் பலகையால் படிக்கட்டு ஜன்னல் அடைபட்டு என் கணவர் விழுந்தது – பலகையை அகற்றக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பு, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டடம் என்று ஐந்து இலைத் தரச்சான்று பெற்றது. மூன்று மாடிதானே என்று லிஃப்ட் வைக்காமல் விட்டார்கள். அதற்கும் மதிப்பெண் கிடைத்தது. படிக்கட்டின் பெரிய ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சத்துக்கு மதிப்பெண், ஆள் நடமாடினால் மட்டும் எரியும் விளக்குகளுக்கும் மதிப்பெண். தரம் பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டே ஏறி, பேசிக்கொண்டே இறங்கினார்கள். அன்று நல்ல வெயில் வேறு.

2. சான்று கைக்கு வந்ததும், அதை ஊரறியச் செய்ய கட்டுமான நிறுவனம் பெரிய தகரப் பலகை ஒன்றை மாட்டியது. தெருவிலிருந்து நன்றாகத் தெரியும் இடம் அந்தப் படிக்கட்டு ஜன்னல்தான். அன்று முதல் பட்டப்பகலிலும் படிக்கட்டு கும்மிருட்டு.

3. என் கணவர் பள்ளி வேன் ஓட்டுநர். சில மாதங்களுக்கு முன் ஒரு மதியம் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் அதை இறக்கி வைத்து மூச்சு வாங்க நின்றார். அசையாமல் நின்றதால் விளக்கு அணைந்தது. கேனை எடுக்கத் திரும்பினார். விளக்கு விழித்துக்கொள்வதற்குள் கால் படி தவறியது. இடுப்பெலும்பு முறிந்தது. வெளிச்சம் வேண்டுமென்றால் உடம்பை அசைக்க வேண்டும். அசைத்தால் உயிர் போகிற வலி. கீழ்வீட்டு மாணவி படியேறி வரும்வரை இருட்டில்தான் கிடந்தார். "அசையாம கெடந்தா ஆளே இல்லன்னு முடிவு பண்ணிடுது" என்று பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. கட்டுமான நிறுவனம், தரச்சான்று நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது. அவர்களோ, வரைபடத்திலும் ஜன்னல் இருக்கிறது, சுவரிலும் இருக்கிறது, ஆகவே மதிப்பெண் சரி என்று எழுதினார்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் நல்ல மனிதர். தம் காரில்தான் என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவரும், "போர்டைக் கழட்டினா எல்லார் வீட்டு விலையும் இறங்கிடும்மா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்கிறார். எங்கள் வீடும் அதில் அடக்கம் என்பதை மறுக்கவில்லை. இந்த வீட்டை வாங்கியதே அந்த ஐந்து இலையை நம்பித்தான்.

5. இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். தினமும் வெளியே நடந்தால்தான் கால் தேறும் என்கிறார் மருத்துவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றுதான் இறங்க முடிகிறது. நின்றால் விளக்கு அணைகிறது. ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை கைப்பிடியில். விளக்குக்கு ஆட்டிக் காட்ட அவருக்கு மூன்றாவது கை இல்லை. நான் பின்னால் கையை ஆட்டிக்கொண்டே இறங்குகிறேன். நான் இல்லாத நாளில் அவர் வாசலைத் தாண்டுவதில்லை. வேன் போகும் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார். எனக்குத் தாங்கவில்லை, ஐயா.

ஆகவே, அந்தப் பலகையை ஜன்னலிலிருந்து அகற்றவும், அது அங்கே இருக்கும்வரை வெளிச்சத்துக்கான மதிப்பெண்ணை நிறுத்திவைக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். நேரில் பார்த்த பிறகே முடிவு என்றால், ஒரு மதியம் வாருங்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், என் கணவர் நின்ற இடத்தில், சற்று நேரம் அசையாமல் நில்லுங்கள். தாங்கள் பத்திரமாக இறங்கும்வரை நான் பின்னால் கையை ஆட்டிக்கொண்டே வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
மூன்றாம் மாடித் தையல்காரி

நாள்: மார்ச் 9
இடம்: ஐந்து இலை பசுமைக் குடியிருப்பு