மலையாளத்தில் நன்றாக வாசிப்பாள்

போடிநாயக்கனூர்
21.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் சோனியாவும் சுகம். மலையில் மழை விடவே இல்லை என்று ஜீப் ஓட்டும் ஒச்சப்பன் அண்ணன் சொன்னார். கடையை அடைத்ததும் வெந்நீரில் கால் கழுவுங்கள், சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்! போனில் பேசினால் பாதியில் டவர் போய்விடுகிறது, கிடைக்கிற மீதியில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் இதை அண்ணனிடமே கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் பிள்ளையின் படிப்புதான். பத்தாம் வகுப்பு வந்தும் புத்தகத்தில் ஒரு பத்தியை முழுதாக வாசிக்க முடியவில்லை. நாலாம் வகுப்பு வரை அங்கே கேரளப் பள்ளியில் மலையாளத்தில் படித்தவள், அதனால் தமிழ் எழுத்து குழம்புகிறது என்று நாமும் சொன்னோம், இங்குள்ள டீச்சர்களும் சொன்னார்கள். சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது.

போன வாரம் தமிழினி என்கிற சிறப்பு ஆசிரியை பள்ளிக்கு வந்தார். இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார். "இது சோம்பல் இல்லக்கா. புத்தியில ஒரு கொறையும் கிடையாது. எழுத்தைப் பிடிக்கிறதுலதான் பிள்ளைக்குச் செரமம்" என்றார். தேனியில் டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கினால், பரீட்சையில் ஒருவர் கேள்வியை வாசித்துக் காட்டி, இவள் சொல்லும் பதிலை எழுதுவாராம். கூடுதல் நேரமும் உண்டாம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, அத்தான்.

டாக்டர் கட்டாயம் ஒன்று கேட்பாராம். சின்ன வகுப்பில் மலையாளமாவது சரளமாக வாசித்தாளா என்று. அப்போதே திணறியிருந்தால் இது பிறவியிலேயே உள்ளது; இல்லையென்றால் மொழி மாறியதால் வந்த குழப்பம். எனக்கு மலையாள எழுத்து தெரியாது. நீங்கள்தான் மடியில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தீர்கள், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் போனீர்கள். நன்றாக யோசித்து எழுதுங்கள். அங்கே அவளுக்குப் பாடம் எடுத்த ஓமனா டீச்சரைப் பார்த்தால் அவரிடமும் கேளுங்கள்.

உங்கள் கிருபை

பூப்பாறை
30.7.2024

அன்புள்ள கிருபைக்கு,

கடிதமும் கருவாடும் கிடைத்தன. மழையில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏலக்காய் பறிப்பு தொடங்கினால்தான் நாலு ஆள் வரும்.

சோனியா மலையாளத்தில் நன்றாக வாசிப்பாள். நீயே எத்தனை முறை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாய்! டீச்சரும் ஒரு குறை சொன்னதில்லை. கோளாறு தமிழில் மட்டும்தான். நல்ல டியூஷனாகப் பார், சரியாகிவிடும். டாக்டர், சான்றிதழ் என்று அலைந்தால் ஊர் வாயை மூட முடியாது. தன் மகன் சாமுக்கு சோனியாதான் என்று அக்கா சபையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் காதில் இது விழுந்தால் என்ன நினைப்பாள்? பெண்பிள்ளை விஷயம், பார்த்து நட.

அன்புடன்,
பிரேம்சிங்

போடிநாயக்கனூர்
15.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றும் தேனிக்குப் போய்விட்டு வந்தோம், கோபிக்காதீர்கள். டாக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார். நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். சோனியாவிடமும் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். முதலில் படித்த மொழி நன்றாக வந்திருக்கிறது, ஆகவே இது மொழி மாறிய குழப்பம், சான்றிதழ் தர முடியாது என்றுவிட்டார். கூட வந்த தமிழினிக்கு முகம் விழுந்துவிட்டது.

டியூஷனில் சேர்த்துவிட்டேன். கெட்டிக்கார வாத்தியார் என்று பெயர். வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லி, வராததால் முட்டி போட வைத்திருக்கிறார். முழங்கால் சிவந்திருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, கீழ விழுந்துட்டேன்" என்கிறாள். நீங்கள் ஒரு ஞாயிறு இறங்கி வந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும்.

உங்கள் கிருபை

பூப்பாறை
10.10.2024

அன்புள்ள கிருபைக்கு,

பறிப்பு நேரம், கடையை விட்டு இறங்க வழியில்லை. வாத்தியார் கண்டிப்பாக இருந்தால்தான் படிப்பு ஏறும். அதற்கெல்லாம் கலங்கலாமா? பிள்ளைக்கு ஒரு சுடிதார் துணி ஜீப்பில் அனுப்பியிருக்கிறேன், பச்சை நிறம். அப்பா கேட்டதாகச் சொல்.

பிரேம்சிங்

போடிநாயக்கனூர்
2.2.2025

அத்தானுக்கு,

நேற்று பஸ் ஸ்டாண்டில் ஓமனா டீச்சரைப் பார்த்தோம். மகள் கல்யாணத்துக்கு மதுரையில் துணி எடுக்கப் போகிறாராம். "மோளே!" என்று சோனியாவைக் கட்டிக்கொண்டு அவர் முதலில் கேட்டது, "இப்ப வாசிக்க வருதா?" என்றுதான்.

நான் விழித்தேன். அவர் என்னைவிட அதிகமாக விழித்தார். "மூணாம் கிளாஸ்லயே இவளோட அச்சன்கிட்ட பறஞ்சேனே. ஒரு வரிகூட வாசிக்க வரல, எல்லாம் மனப்பாடம், மதுரைல கொண்டுபோய்க் காட்டுங்கன்னு. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. பொம்பளப் பிள்ளை, யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு."

அதற்கு அடுத்த வருஷம்தான் டவுன் படிப்பு வேண்டும் என்று எங்களை இங்கே குடிவைத்தீர்கள். என் பிள்ளைமேல் எவ்வளவு அக்கறை என்று அன்று நான் ஜெபத்தில் உங்களுக்காக நன்றி சொன்னேன். நினைத்தால் வாய் கசக்கிறது.

இன்று தலைமையாசிரியையிடம் ஓடினேன். இந்தப் பரீட்சைக்குச் சலுகை கேட்கும் தேதி முடிந்துவிட்டது என்றார். ஜூலையில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்கு ஏன் பொய் சொன்னீர்கள்?

கிருபை

பூப்பாறை
9.2.2025

கிருபைக்கு,

நீ நினைக்கிற மாதிரி நான் கொலைபாதகன் இல்லை. என் பிள்ளைக்கு நான் கெடுதல் நினைப்பேனா? ஒரு முத்திரை விழுந்தால் ஆயுசுக்கும் போகாது. வளர வளரச் சரியாகிவிடும் என்று நம்பினேன். பெயிலானால்தான் என்ன? பதினெட்டு முடிந்ததும் சாமுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டால் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொள்வாள். பரீட்சையில் பெயிலான பெண்ணை அக்கா ஏற்றுக்கொள்வாள், கோளாறு என்று சான்றிதழ் வாங்கிய பெண்ணை ஏற்க மாட்டாள். இது உனக்குப் புரியவில்லையா? இதோடு பேச்சை விடு.

பிரேம்சிங்

போடிநாயக்கனூர்
20.5.2025

சோனியாவின் அப்பாவுக்கு,

பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயில். கணக்கில் மட்டும் நல்ல மார்க். நீங்கள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

இனி நடப்பது நான் ஆசைப்பட்டது. ஓமனா டீச்சர் மலையிலிருந்து இறங்கி எங்களோடு தேனிக்கே வந்து டாக்டரிடம் பேசினார். திரும்பவும் சோதித்து, சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். துணைத்தேர்வில் இவளுக்குக் கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் உண்டு. தமிழினி தினமும் சாயங்காலம் வந்து சொல்லிக் கொடுக்கிறார். அங்கே முட்டி போடுகிற சோலி கிடையாது.

உங்கள் அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "அப்ப இந்தப் பேச்ச இத்தோட விட்ருவோம் கிருபை" என்றார். சந்தோஷமாக விட்டுவிட்டேன்.

தேனியிலிருந்து வரும்போது பஸ்ஸில் சோனியாவிடம் கேட்டேன். முதல் தடவை டாக்டர் கேட்டபோது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பாதான் சொல்லுச்சு. பாடத்த மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுரு, அம்மாட்ட சொல்லாத, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னுச்சு. நான் சத்தியம் பண்ணேன்ல."

பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் அவள் முழங்காலில் தட்டுவீர்களாம். அப்படி அவள் ஒப்பித்த சத்தத்தைத்தான் அடுப்படியில் நின்று பூரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வயதில் உங்களுக்குப் பண்ணிய சத்தியத்தை, அதே முழங்கால் சிவக்க முட்டி போட்டபோதும் அவள் மீறவில்லை. உங்களை அவ்வளவு நம்பியிருக்கிறாள். நானும்தான்.

நாங்கள் மலைக்குத் திரும்பி வரமாட்டோம். நீங்களும் இங்கே வர வேண்டாம்.

இந்த வீட்டுக்கு எந்த எழுத்து வந்தாலும் ஒன்றையும் மறைக்காமல் சத்தமாக வாசித்துக் காட்டுவேன் என்று சோனியாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பழைய கடிதங்களையும் வாசித்துவிட்டேன். பச்சைச் சுடிதாரை மடித்து இத்துடன் கொடுத்துவிடச் சொன்னாள். பதில் எழுதுவதென்றால் அவள் கேட்கும்படியாக எழுதுங்கள். முடியாவிட்டால் எழுதாதீர்கள்.

தேவகிருபை