ஏலத்தில் போன உகுலேலே

நெய்யாற்றின்கரை
29.10.2024

அன்பு மைனிக்கு,

கர்த்தர் கிருபையால் எல்லாரும் இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் மைசூருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. போனில் பேச வழியில்லை. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் என் போனையும் அம்மா போனையும் வாங்கி மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறான். அதனால் நெய்யாற்றின்கரை லேபில் ஆள் வராத நேரத்தில் இதை எழுதுகிறேன். பதிலும் லேப் முகவரிக்கே வரட்டும். உறைமேல் உங்கள் பேர் வேண்டாம்.

அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று பொருத்தனை பண்ணி, நீங்கள் விட்டுப்போன உகுலேலேயை, அந்த நாலு கம்பிக் குட்டிக் கிதாரைச் சபைக்குக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அறுப்புப் பண்டிகை ஏலத்தில் வாழைக்குலைக்கும் சேவலுக்கும் நடுவில் அதுவும் கிடந்தது. பாட்டுக் குழுவில் கிதார் வாசிக்கிற ஜிஜின் ஆசையாக விலை கேட்டான். அண்ணன் பின்னால் நின்று ஏற்றிக்கொண்டே போக, கடைசியில் ஜிஜின் வாயை மூடிக்கொண்டான். "நம்ம வீட்டுப் பொருள ஊரான் கொண்டு போவாண்டாம்" என்று சிரித்தபடி அண்ணன் எடுத்து வந்தான். அந்தச் சிரிப்பை உங்களுக்குத் தெரியும்.

கல்யாணமான நாள் முதல் அதைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று பழித்தவன், இப்போது மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறான். ஜிஜினைக் கூப்பிட்டு ஒக்கிட்டுச் சரியாக்கித் தரச் சொன்னான். ஜிஜின் பார்த்துவிட்டு, "மெல்லிசுக் கம்பி மேல கெடக்கு, தப்பாட்டாக்கும் கெட்டியிருக்கு" என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கிதாருக்குப் போடுகிற ஸ்டீல் கம்பியைக் கட்டிக்கொடுத்தான்.

மைனி, அண்ணனுக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. பிறகு எதற்கு அது? எனக்குப் பயமாக இருக்கிறது.

லிஜி


மைசூரு
4.11.2024

என் லிஜிக்கு,

உன் கடிதத்தை விடுதிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாசித்தேன். இங்கே யாரும் என்னைத் தேடவில்லை, ஆனாலும் தாழ்ப்பாள் போடாமல் எதையும் செய்ய முடியவில்லை. தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் உன் அண்ணன் வண்டியோ என்று பக்கத்துக் கடைக்குள் ஒதுங்கிக்கொள்கிறேன்.

ஜிஜின் நல்ல பையன்தான், ஆனால் கெடுத்துவிட்டான். மேலே மெல்லிய கம்பி இருந்தால்தான் அது உகுலேலே. அதற்கு நைலான் மட்டுமே ஆகும். ஸ்டீல் இழுக்கிற இழுப்பில், கம்பிகளைக் கட்டியிருக்கிற மரத்துண்டு ஒருநாள் பெயர்ந்து தெறிக்கும். உன் அண்ணன் இல்லாத நேரம் பார்த்து முறுக்கைத் தளர்த்தி வை. எடுத்து வர முடியாமல் போயிற்றே என்று தினமும் நினைக்கிறேன். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம் என்று நீ சொன்னதுதான் சரி. சோற்றுப் பையோடு இறங்கினதால்தான் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

ஒரு சந்தோஷமும் உண்டு. ஞாயிறு காலையில் இங்கே ஒரு பூங்காவில் உகுலேலேக்காரர்கள் கூடுகிறார்கள். பல் டாக்டர் ஒருத்தி, பாங்கியில் வேலை பார்க்கிறவர், சானு என்று ஒரு கல்லூரிப் பையன். பேர் கேட்பதற்கு முன்னால் கையில் ஒரு உகுலேலேயைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் நான் யாருக்கும் பயப்படவில்லை, லிஜி.

பிறகு வீடியோ எடுத்தார்கள். முகம் வேண்டாம் என்றதும் கைகளை மட்டும் எடுத்துத் தங்கள் பேஸ்புக் குழுவில் போட்டார்கள். இந்தியா முழுக்க உகுலேலே வாசிக்கிறவர்கள் அதில் இருக்கிறார்கள். சி கார்டு என்கிற சுரக்கூட்டைப் பிடிக்க எல்லாரும் மோதிர விரலை வைப்பார்கள். என் மோதிர விரல் மடங்காது. நான் சுண்டுவிரலால் பிடிப்பேன், மடங்காத விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். என் முகத்தை மறந்தாலும் அந்த விரலை உன் அண்ணன் மறக்க மாட்டார். மாமியிடம் கார்க் கதவில் மாட்டியது என்று சொல்லி வைத்தோம். எந்தக் கதவு, யார் இழுத்து அடைத்தது என்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. மைனி என்று எழுதாதே. அண்ணன் பெண்டாட்டி என்று அவர் வழியாக வந்த முறை அது. அக்கா என்று எழுதக்கூடாதா?

ஜெஸ்னா


நெய்யாற்றின்கரை
9.11.2024

அன்பு மைனிக்கு,

கோபப்படாதீர்கள், அந்தக் கூப்பாடு வாயிலிருந்து போகமாட்டேன் என்கிறது. இப்போது அதைப் பேச நேரமுமில்லை.

அண்ணன் எதற்கு உகுலேலேயை எடுத்தான் என்று தெரிந்துவிட்டது. அதை மடியில் வைத்துப் படம் எடுத்து நீங்கள் சொன்ன அதே குழுவில் போட்டிருக்கிறான். "என் மனைவியின் உகுலேலே. அவள் மனநிலை சரியில்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். மோதிர விரல் மடங்காது, சுண்டுவிரலால் சி பிடிப்பாள். பார்த்தவர்கள் சொல்லுங்கள், இதை அவள் கையில் சேர்க்க வேண்டும்." இங்கிலீஷில் அழகாக எழுதியிருக்கிறான். கீழே எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள், எத்தனை பேர் ஜெபிக்கிறோம் என்கிறார்கள். உங்கள் ஆட்கள் ரொம்ப நல்லவர்கள், மைனி. அதுதான் என்னை நடுங்க வைக்கிறது. உங்கள் சானு, "இந்தக் கையை எங்கள் மைசூரு கூட்டத்தில் பார்த்த ஞாபகம். விசாரித்துச் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறான்.

இன்று காலை காப்பி குடிக்கும்போது அண்ணன், "மைசூருக்கு மாசக் கடைசியில டிக்கெட் எடுத்திருக்கு, போய்க் கூட்டிட்டு வாறேன். கிறிஸ்மஸுக்கு அவ இங்க இருப்பா" என்றான். அம்மா ஸ்தோத்திரம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அண்ணன் என்னைப் பார்த்து, "நீ ஏன் ஒண்ணும் பேசல்ல?" என்று கேட்டான். தொண்டை வலி என்றேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கேயாவது போய்விடுங்கள். இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

லிஜி


மைசூரு
13.11.2024

லிஜி,

பெட்டியைக் கட்டிவிட்டேன். ஊரை விட்டுப் போகத்தான் கட்டினேன். ஆனால் எந்த ஊரானாலும் இந்த விரலும் கூடத்தானே வரும் என்று தோன்றியது. அப்படியே நடந்து பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சானுவையும் கூப்பிட்டாள். வெளியாள் யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். 

சானு தரையில் உட்கார்ந்து அழுதான். "எனக்குத் தெரியாது அக்கா, உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்" என்றான். எழுதியதை அழித்தான், வீடியோவையும் நீக்கினான். உன் அண்ணன் அதற்குள் பார்த்திருப்பார்.

குழுவை நடத்துகிற அம்மாள் புனேயில் இருக்கிறாள். அவளிடம் டாக்டர் பேசினாள். என் பேர் சொல்லாமல் நம்பிக்கையானவர்களுக்குத் தகவல் போயிற்று. நேற்று மத்தியானம் முதல் குழுவில் கை வீடியோவாக வந்து விழுகிறது. கொச்சியிலிருந்து, ஷில்லாங்கிலிருந்து, கோவாவிலிருந்து. முகம் இல்லை, கை மட்டும். எல்லாரும் மோதிர விரலை நீட்டிக்கொண்டு சுண்டுவிரலால் சி பிடிக்கிறார்கள். பழக்கமில்லாமல் சுருதி தப்புகிறது. ஒரு பெரியவர் விரலில் ஐஸ் குச்சியை வைத்துக் கட்டிக்கொண்டு வாசிக்கிறார். இனி எந்தக் கை என் கை என்று உன் அண்ணன் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆனாலும் நான் டாக்டர் வீட்டு உள்ளறையில்தான் படுக்கிறேன். நீ பத்திரமாக இரு. உன்மேல் அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது.

ஜெஸ்னா


மைசூரு
18.11.2024

லிஜி,

என்ன காரியம் செய்தாய்? பேர் போடாமல் ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த வீடியோ உன்னுடையது. நீ வாசிக்கத் தெரியாதவள் என்பது முதல் தட்டிலேயே தெரிகிறது. நம் வீட்டுப் பூப்போட்ட மேசை விரிப்பு. என் உகுலேலே, ஜிஜின் கட்டிய ஸ்டீல் கம்பி, அந்தக் கரகரப்பு. எனக்குத் தெரிந்தது உன் அண்ணனுக்குத் தெரியாதா?

அதையும்விட, சி பிடித்து நாலு தட்டுத் தட்டுகிறாய். பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். அதற்கு முன்னால் பட்டென்று ஒரு அடி. நீ அலறுகிறாய். அதோடு வீடியோ நின்றுபோகிறது. திரும்பத் திரும்பக் கேட்டேன். கைக்கு விழுந்த அடியா, கதவா?

லேபுக்குப் போன் செய்தேன். நீ வரவில்லை என்றார்கள். லேபுக்கே இதையும் போடுகிறேன், வேறு முகவரி தெரியாது. எனக்காக நீ இதைச் செய்திருக்க வேண்டாம். ஒரு வரி போதும், லிஜி. கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி.

ஜெஸ்னா


காஞ்சிரங்குளம்
24.11.2024

அன்பு அக்காவுக்கு,

கை நன்றாக இருக்கிறது. இதோ அந்தக் கையால்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை லேபில் கூட வேலை செய்கிற பிள்ளை இங்கே கொண்டுவந்து தந்தாள்.

நீங்கள் சொன்னது நடந்தது. முறுக்கைத் தளர்த்தி வை என்று எழுதினீர்கள், பயத்தில் நான் மறந்தே போனேன். அண்ணன் ஆரியங்கோட்டுக்குப் போன நேரம் பார்த்து, கூட்டத்தோடு கூட்டமாக என் கையும் ஒன்று இருக்கட்டும் என்று எடுத்தேன். நாலாவது தட்டில் அந்த மரத்துண்டு பலகையோடு பெயர்ந்து தெறித்தது. தானாகத்தான் போய்விட்டிருக்கிறது வீடியோ, பதற்றத்தில் எதைத் தொட்டேனோ தெரியாது.

ஓடிவந்தது அம்மா. என் விரல் நீட்டியது நீட்டியபடியே இருந்தது. "எதுக்கு மக்கா அந்த வெரல ஜெஸ்னாளப் போல வச்சிருக்க?" என்று கேட்டாள். அக்கா, எனக்கு அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. எந்தக் கதவு என்று காட்டினேன். அம்மா எழுந்துபோய் அந்தக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். 

அண்ணன் போனைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான். "எவளாக்கும் இது?" என்றான்.  அம்மா எழுந்து அந்தக் கதவு இடுக்கில் தன் கையை வைத்தாள். "நானாக்கும் வாசிக்கச் சென்னேன். அடை. அவளுக்கு அடைச்ச மாதிரி எனக்கும் அடைச்சிட்டுப் போ" என்றாள். அவன் கதவைப் பிடித்தான், அக்கா. பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா கையை எடுக்கவில்லை. கடைசியில் கதவை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே தங்கபாய் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியில் பாறசாலை போலீஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தோம். உங்கள் ஊர்ப்பேரை அம்மா அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் தினமும் போன் செய்கிறான், அழுகிறான், பிறகு திட்டுகிறான். மைசூரு டிக்கெட் இன்னும் அவனிடம் இருக்கிறதா என்று தெரியாது. பயம் போகவில்லை. வாசலில் வண்டி நின்றால் நானும் அம்மாவும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்கிறோம். நீங்கள் டாக்டர் வீட்டிலேயே இருங்கள்.

உடைந்த உகுலேலேயை அம்மா பைபிள் பையில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். நேர்ந்து கொடுத்த பொருத்தனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கர்த்தர் கோபப்பட்டால் படட்டும் என்கிறாள். இனி நீங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாதாம்.

அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். மழைக் காலத்தில் அந்த விரல் வலிக்குமா?

லிஜி