உங்கப்பா சமதளத்தில் ஓட வருகிறார்

ஆல்த்தோ வெர்தே,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு.

அன்பு மகள் மர்லெனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் நலம், முழங்கால்களைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளை எசேக்கியேலும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசுகிறவள் திடீரென்று தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளே, யாருக்கு என்ன ஆச்சோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கப்பா காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, இந்த வீட்டில் அவர் காதில் விழாமல் போன் பேச முடியாது, அவ்வளவுதான். அவர் ஜீப்பில் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்கியிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதி அராசெலி கையில் கொடுத்துவிட வேண்டும், அவள் அண்ணன் மகன் இந்த வாரம் புவனோஸ் அயர்ஸுக்குப் படிக்க வருகிறான், கையோடு கொண்டுவந்து கொடுப்பான். பையன் சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான், சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைத் திற.

மழை இன்னும் விட்டபாடில்லை. சமையலறைக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, உங்கப்பா பழைய வாளியையே வைத்துவிட்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். காப்பி இந்த வருஷம் பரவாயில்லை. அராசெலி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பையன் பல் டாக்டராம், அவன் எதிரில் சிரிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நீ காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவதாக மாப்பிள்ளை என்னிடம் போட்டுக்கொடுத்தார். அவரைத் திட்டாதே, நான்தான் கிளறினேன். சோளமாவில் ஒரு அரேப்பா சுட்டுத் தின்ன எவ்வளவு நேரம் ஆகும், வயிறு காய்ந்தால் கோபம்தான் வரும், உனக்கு அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை போனில், எங்கள் ஓட்டச் சங்கத்தோடு உங்கப்பாவும் மாரத்தான் ஓட அங்கே வருகிறார் என்று சொன்னதும் நீ, அவர் ஓட்டத்துக்காக வருகிறார், எனக்காகவா வருகிறார், நீ தங்குகிற இடத்துக்கு வந்து உன்னை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், அவர் முகத்துக்கு முன்னால் நான் நிற்க மாட்டேன் என்றாய். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். நீ எசேக்கியேலோடு கிளம்பின அன்றைக்கு, கோயிலில் மோதிரம் மாற்றாமல் போகிறவள் இந்த வாசலை மிதிக்காதே என்று அவர் சொன்னார், மிதிக்க மாட்டேன் என்று நீ சொன்னாய். நாலு வருஷமாக இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறீர்கள், நடுவில் இழுபடுவது நான். உன் போன் வந்தால் அவர் ஜீப்புக்கு எண்ணெய் பார்க்க வெளியே போய்விடுகிறார். இந்த மலையில் இத்தனை தடவை எண்ணெய் பார்த்த ஜீப் வேறு கிடையாது. ஆனால் ஒன்று, ஜீப்பை ஜன்னலுக்கு நேர் கீழேதான் நிறுத்துவார், நான் ஜன்னலைச் சாத்தினால் புழுங்குகிறது என்று கீழேயிருந்து கத்துவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். உன் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

அவர் எப்படி ஓட்டக்காரர் ஆனார் என்று கேள். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் மிரட்டின பிறகு நான் அராசெலியோடு கில்டார்டோவின் ஓட்டச் சங்கத்தில் சேர்ந்தேன் அல்லவா, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் கில்டார்டோ, அதே மீசை, அதே விசில். அப்போது உங்கப்பா, துரத்த ஒரு நாய்கூட இல்லாமல் ஓடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஏறி இறங்கி முழங்கால் போய்விட்டதால், இந்த வருஷம் சமதளமாக இருக்கிற ஊரில்தான் மாரத்தான் என்று கூட்டம் போட்டோம். எல்லாரும் கடற்கரைப் பக்கத்தில் நம் நாட்டிலேயே ஒரு ஊரைச் சொன்னார்கள். பேச்சுவாக்கில் யாரோ, புவனோஸ் அயர்ஸ்கூட நல்ல சமதளமாம் என்றார்கள். என்னைக் கூட்டிப்போக ஜீப்போடு வந்து வாசலில் தொப்பியும் கையுமாக நின்ற உங்கப்பாவுக்கு அது காதில் விழுந்தது. அடுத்த நாள் பார்த்தால் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ஜோடி ஷூ வீட்டுக்கு வந்திருக்கிறது. அதற்கடுத்த கூட்டத்தில், சங்கத்தில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத மனுசர் எழுந்து நின்று, கடற்கரையில் வெயில் மண்டையைப் பிளக்கும், புவனோஸ் அயர்ஸில் குளிர்ச்சி, காளான் மாதிரி முளைத்த சின்ன ஊரில் எதற்கு ஓட வேண்டும், ஓடினால் பெரிய ஊரில் ஓட வேண்டும் என்று பாதர் பிரசங்கம் வைக்கிற மாதிரி பேசினார். பக்கத்து மாவட்டத்துக்குப் போக மூன்று நாள் யோசிக்கிறவர். அராசெலி என் விலாவில் இடித்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கறி அடைத்த எம்பனாடா சுட்டு விற்றும் பிங்கோ ஆட்டம் நடத்தியும் பயணச் செலவைச் சேர்த்தோம், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது.

சமதளத்தில் ஓடுவதற்குச் சமதளத்தில் பழக வேண்டுமாம். நம் ஊரில் அதற்கு எங்கே போவது. நம் கோழி முட்டை போட்டால் கீழ்த்தெருவில் போய்ப் பொறுக்கி வருகிற ஊர் இது. இருக்கிற ஒரே சமதளம் கோயில் முன்னால் இருக்கிற சதுக்கம்தான், அதனால் விடிகாலையில் அதையே சுற்றிச் சுற்றி ஓடினோம். செக்குமாடு தோற்றது போ. எப்போதும் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி, கொஞ்ச நாளில் எல்லாருக்கும் இடதுபக்கம் சாய்மானம் வந்துவிட்டது. அராசெலி பூசையில் நன்மை அப்பம் வாங்க நேராகக் கிளம்பி இடது ஓரத்துச் சூசையப்பர் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். உடனே கில்டார்டோ ஒரு நாள் இடம், ஒரு நாள் வலம் என்று சட்டம் போட்டான். இன்றைக்கு எந்தப் பக்கம் என்பது பாதிப் பேருக்கு மறந்துபோனதால் மருந்துக்கடைக்காரரும் உங்கப்பாவும் எதிரும் புதிருமாக வந்து மோதிக்கொண்டார்கள். உங்கப்பா மல்லாந்து கிடந்தபடியே, நான் வேண்டுமென்றுதான் படுத்தேன், முதுகு வலித்தது என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது அவருக்கு.

அந்த மாதம் முழுவதும் ஒரே அளப்புதான். மலையில் பிறந்தவனுக்குச் சமதளம் மெத்தை மாதிரி, அங்கே ஏற்றமே கிடையாது, அப்புறம் என்ன கஷ்டம், நான் படுத்துக்கொண்டே ஓடுவேன் என்று. கில்டார்டோ தலையைச் சொறிந்துவிட்டு, எதற்கும் ஒரு நாள் நிஜமான சமதளத்தில் ஓடிப் பார்த்துவிடலாம் என்று எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக் கீழே கரும்புக்காட்டுப் பக்கம் கூட்டிப்போனான். அம்மாடி, நீ அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை, ரெண்டு பக்கமும் கரும்பு, நடுவில் நூல் பிடித்த மாதிரி ரோடு, முடிகிற இடமே தெரியவில்லை. கில்டார்டோ விசில் ஊதியதும் உங்கப்பா ஏதோ திருடிக்கொண்டு போகிறவர் மாதிரி பறந்தார். நான் என் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டுகிற வேகத்தில் பின்னால் போனேன், எனக்கு எப்போதும் ஒரே வேகம்தான், மாடு துரத்தினாலும் அதுதான். வெயில் ஏறினது. ரோட்டோரத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டி, அதன் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பச்சை ஷூ ரெண்டும் வானத்தைப் பார்க்க உங்கப்பா உட்கார்ந்திருக்கிறார்.

சாறு பிழிகிற ஆள் என்னைப் பார்த்ததும், இவர் உங்க வீட்டுக்காரரா, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு போல, அரை மணி நேரமா இறக்கம் எங்கே வரும், இறக்கம் எங்கே வரும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு, பெரியவரே கடல்வரைக்கும் இப்படித்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் உடனே விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் என் தொடையும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. நமக்கெல்லாம் எவ்வளவு செங்குத்தாக ஏறினாலும் மேலே போனதும் ஒரு இறக்கம் வரும், கால் தானாகப் போகும், மூச்சு திரும்பும். அதை நம்பித்தான் ஏறுகிறோம். சமதளத்தில் அப்படி ஒன்றும் வருவதில்லை. ஓய்வே கிடையாது, முதல் அடி எப்படியோ கடைசி அடியும் அப்படியே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உங்கப்பா இந்த ரோடே சரியில்லை, போட்டவனுக்கு வேலை தெரியாது என்று முணுமுணுத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் சாற்றைக் கையில் கொடுத்து, அப்படியானால் பேசாமல் வீட்டில் இருங்கள், உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, நான் மட்டும் போய் வருகிறேன் என்றேன். கொஞ்சம் குறும்பாகத்தான் சொன்னேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"கில்டார்டோகிட்ட விசாரிச்சேன். ஓடுற வழி அவ தெரு முனையில போகுதாம்."

யார் தெரு என்று நான் கேட்டேன், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

"நான் யார் வீட்டு வாசலுக்கும் போக மாட்டேன், ஒஃபேலியா. சொன்னா சொன்னதுதான். ஆனா அவ வழியில நின்னான்னா... பாக்காம ஓட முடியுமா ஒரு மனுசனால?"

சொல்லிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார், சாறு பட்டதாம். மர்லெனி, நிஜமாகச் சொல்கிறேன், அந்த நடுரோட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன், சாறுக்காரன் இருந்தானே என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அடுத்த நிமிஷமே மனுசருக்கு வெட்கம் வந்துவிட்டது. இதை அவளிடம் போனில் சொன்னாயோ, நான் பிளேன் ஏறவே மாட்டேன், மாதா மேல் சத்தியம் பண்ணு என்றார். பண்ணினேன். போனில் சொல்ல மாட்டேன் என்றுதானே பண்ணினேன், தாளில் எழுத மாட்டேன் என்று பண்ணவில்லையே. பாதரிடம்கூடக் கேட்டுவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார், சொல்லியாகிவிட்டது.

ஆகையால் மகளே, அவர் உனக்காகத்தான் வருகிறார். அறுபத்திரண்டு வயதில், பிளேனை வானத்தில் தவிர வேறெங்கும் பார்த்தறியாத மனுசர், பிடிக்காத ஓட்டத்தை, பிடிக்காத சமதளத்தில் ஓடிக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிறார், உன் தெரு முனைவரைக்கும். அதற்கு மேல் அவர் காலுக்கு வழி தெரியாது. நீ உன் மாடியை விட்டு இறங்கி முனைவரைக்கும் வந்தால் போதும். யார் முதலில் வந்தது என்ற கணக்கை இரண்டு பேரும் சாகிறவரைக்கும் பேசிச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சரியாகக் கேட்டுக்கொள். புறப்படுகிற இடத்துக்கு வந்துவிடாதே, அங்கே அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார், உன்னைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி ஷூ கயிறு கட்டக் குனிந்துவிடுவார். முடிகிற இடத்திலும் வேண்டாம், அங்கே கூட்டம், போட்டோ, பதக்கம், மறுபடியும் கெத்து வந்துவிடும். உன் தெரு முனை முப்பதாவது கிலோமீட்டர் தாண்டி வருகிறதாம். மாதா உனக்கு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வீம்பு பிடிக்க மூச்சு இருக்காது. மாப்பிள்ளையை மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்துக்குப் பின்னால் நிறுத்தி வை, அந்தப் பிள்ளை பார்த்தவரையெல்லாம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிற பிள்ளை, எடுத்த எடுப்பில் வேண்டாம். காலையில் அங்கே குளிருமாம், சால்வை போட்டுக்கொண்டு நில். ஈரத்தலையோடு வராதே. எனக்கு எதுவும் தெரியாது, நீயாக வந்தாய், நினைவிருக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

மாதா உன்னையும் எசேக்கியேலையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் அடுப்பு எரியட்டும், உன் கோபம் அணையட்டும்.

மறந்துவிடாதே, ஒன்றே ஒன்று. உன்னைப் பார்த்து அவர் நின்றுவிட்டால், ஓடுங்க அப்பா, ஓடுங்க என்று அவரை விரட்டாதே. உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. அவர் மாரத்தானை முடிக்க வேண்டும் என்று நான் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றவில்லை. பின்னால் நான் வருவேன், மெதுவாகத்தான் வருவேன், உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கையாட்டிவிட்டு நிற்காமல் போய்விடுவேன். மிச்சத்தை நான் ஓடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற,
உங்கப்பாவையும் சேர்த்து வளர்க்கிற அம்மா,
ஒஃபேலியா